சீரில் போன வாத்து

1

வள்ளியம்மையின் கல்யாண வீடியோ கேசட் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தபோது அதன் மேல் ஊறுகாய் எண்ணெய் கசிந்திருந்தது. தேவகோட்டையிலிருந்து இங்கே வேலைக்கு வந்த ஒருவரின் பெட்டியில் என் தம்பி போட்டு அனுப்பியிருந்தான். துடைத்து, மின்விசிறிக்குக் கீழே காயவைத்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் போட்டுப் பார்த்தோம். என் கணவர் சேவியர் வள்ளியை நேரில் பார்த்ததில்லை. நான் பேசிப் பேசியே அவருக்கு அவளைப் பழக்கியிருந்தேன்.

அந்தக் கல்யாணத்துக்கு நான் போயிருக்க வேண்டும். அந்தச் சமயம் பார்த்து என் பாஸ்போர்ட் குடிநுழைவு அலுவலகத்தில் மாட்டிக்கொண்டது. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் உண்டு என்றேன். கவுன்டரில் இருந்த பெண் மிகப் பொறுமையாக, அப்படி யாருமே இருக்க முடியாது என்றாள். கடைசியில் அப்பாவின் பெயரையே அந்தக் கட்டத்தில் எழுதினார்கள். பிறகு பழைய தாளும் புதிய தாளும் ஒத்துப்போகவில்லை என்று அவர்களே நிறுத்தியும் வைத்தார்கள். இன்றைக்கும் இங்கே யாராவது ‘மேடம் அருளானந்தம்’ என்று கூப்பிட்டால், அப்பா எங்கே என்று ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறேன்.

வீடியோவில் முதலில் இதயங்கள் பறந்தன. அதற்குள்ளிருந்து வள்ளி வந்தாள், மாப்பிள்ளை வந்தார். அப்புறம் கேமரா வள்ளி வீட்டுப் பெரிய கூடத்துக்குள் நுழைந்து, பரப்பி வைத்திருந்த சாமான்கள் மேல் ஆற அமர நகர ஆரம்பித்தது. வெள்ளிக் குடம், பித்தளை அண்டா, எவர்சில்வர் அடுக்கு, மங்குத் தட்டுகள், பின்னிய ஓலைக் கொட்டான்கள், பாய்கள், தலையணைகள். சேவியர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். புடவைப் பெட்டிகள் வந்தன. பிளாஸ்க்குகள் வந்தன. இரண்டுக்கும் நடுவில், படியாக அடுக்கிய பலகையில், கண்ணாடித்தாள் சுற்றி, முகம் தெரிய நிமிர்த்தி வைத்த படப் புத்தகங்கள் வந்தன. முதல் அட்டையில் ஒரு வாத்து.

நான் நிறுத்தினேன். திரையில் கோடுகள் நடுங்கின.

“அது நம்ம வாத்துதானே?” என்றார் தண்ணீரோடு திரும்பி வந்த சேவியர்.

நம்ம வாத்துதான்.

செட்டிநாட்டுப் பக்கம் பழக்கமில்லாதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். அங்கே நகரத்தார் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சீரை, ஊசியில் ஆரம்பித்துக் கட்டில் வரைக்கும், கூடத்தில் பரப்பி உறவுக்குக் காட்டுவார்கள். கடல் கடந்து வந்த சாமானுக்கு அதில் தனி மரியாதை. காட்டி முடித்த பிறகு அவை புருஷன் வீட்டுக்குப் போய், ஓர் அறைக்குள் ஏறிப் பூட்டிக்கொள்ளும். பல சாமான்கள் அடுப்பைப் பார்க்காமலே, மகளுடைய கல்யாணத்தில் மறுபடி கூடத்துக்கு வந்து உட்காரும். புழங்காமல் இருப்பதுதான் அவற்றுக்குப் பெருமை. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்தவள்தான் நானும்.

ஆனால் அந்தப் புத்தகங்களை வள்ளிக்குச் சீராக நான் அனுப்பவில்லை. அவை எங்கள் தெருப் பிள்ளைகளுடையவை.

2

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் எழுத்தறிவு வகுப்பு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போதுதான் கல்லூரி முடித்திருந்தேன். சும்மா இருக்கத் தெரியாதவள். என் அப்பா வாத்தியார். வகுப்பு எடுக்க ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னதும், முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு, பக்கத்துத் தெரு வள்ளியையும் இழுத்துக்கொண்டு போனேன். செட்டியார் வீட்டுப் பெண் அந்த மாதிரி இடத்துக்கு வருவதா என்று அவள் வீட்டில் முணுமுணுத்தார்கள். வள்ளி ஆத்தா என்று அழைக்கும் அவள் அம்மாவை நான் ஆச்சி என்று கூப்பிடுவேன். ஆச்சியிடம் நான் போய் நின்று பேசிச் சம்மதம் வாங்கினேன்.

படிக்க வந்த பெண்கள் பிள்ளைகளையும் கூட்டிவந்தார்கள். பிள்ளைகள் சிலேட்டைப் பிடுங்கின, ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. ஒருநாள் வள்ளி அவர்களை ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதை சொன்னாள். அடுத்த வாரம் அம்மாக்கள் வருவதற்கு முன்பே பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

வகுப்புகள் நின்றுபோன பிறகும் இது நிற்கவில்லை. வள்ளி வீட்டுப் பின்புறம் கார் கொட்டகை சும்மா கிடந்தது. கார் எப்போதோ போய்விட்டது, தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் அங்கே சாக்கு விரித்துப் படிப்போம். புத்தகம் தேடிக் கொண்டுவருவது என் வேலை. வாய் வள்ளியுடையது. அவள் ஓநாய் என்றால் பிள்ளைகள் சாக்கோடு பின்னால் நகர்வார்கள். நான் வாசித்தால் பாடம் நடத்துவது மாதிரி இருக்கும். முடிந்ததும் “இந்தக் கதையில இருந்து என்ன தெரியுது?” என்று கேட்டும் தொலைப்பேன். ஒரு தடவை பாண்டியம்மா என்ற ஆறாம் வகுப்புப் பெண், “கதை தெரியுதுக்கா” என்றாள். வள்ளி சிரித்ததில் எனக்குக் கோபம் வந்தது.

எங்களிடம் இருந்ததே கொஞ்சம் புத்தகம். அதில் பாதிக்கு அட்டை கிடையாது. படம் என்று பார்த்தால் கறுப்பு மையில் ஒரு ராஜா, ஒரு மரம். எனக்குக் கல்யாணமாகி சிங்கப்பூர் என்று முடிவானதும் பிள்ளைகள் பேருந்து நிலையம் வரைக்கும் வந்தார்கள். கலர் படம் போட்ட புத்தகமாக அனுப்புகிறேன் என்று சொன்னேன். “நெசமாவாக்கா?” என்று பாண்டியம்மா கேட்டாள். சத்தியமாக என்றேன். வள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ அனுப்பு, நான் படிச்சுக் காட்டுறேன் என்றாள். இரண்டு பேரும் அழுதோம். கண்டக்டர் விசில் ஊதிவிட்டான்.

3

சிங்கப்பூரில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் தமிழ் ஆசிரியைக்கு உதவியாளராக வேலை கிடைத்தது. முதல் வாரமே, “இங்குட்டு வா தங்கம்” என்றேன். நாலு வயது ஷாலினி அசையாமல் நின்றாள். பெரிய ஆசிரியை என்னைத் தனியாக அழைத்து, ‘இங்கே வாருங்கள்’ என்று சொல்லிப் பழகுங்கள் என்றார். அப்படிச் சொன்னபோதும் அவள் வரவில்லை. ‘கம்’ என்றதும் ஓடி வந்தாள். அப்பா, அம்மா இருவரும் தமிழர்கள். வீட்டில் தமிழ் பேசுகிறீர்களா என்று அவள் அம்மாவைக் கேட்டேன். “புரியும், ஆனா பேச மாட்டா” என்று சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தை மகளிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

எங்கள் காப்பகத் தலைவி சீனப் பெண்மணி. அவர் கதை படிப்பதைப் பார்த்த அன்றுதான் இத்தனை காலமாகக் கார் கொட்டகையில் நான் செய்துகொண்டிருந்தது என்னவென்று எனக்கு விளங்கியது. நான் புத்தகத்தை என் பக்கம் பிடித்துப் படித்துவிட்டு, கடைசியில் போனால் போகிறது என்று படத்தைச் சுற்றிக் காட்டுவேன். அவர் புத்தகத்தைத் தோளுக்குப் பக்கத்தில், பிள்ளைகள் பார்க்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு, எழுத்தைப் பக்கவாட்டில் பார்த்துப் படித்தார்.

அது ஒரு வாத்து தன் மூக்குக்கண்ணாடியைத் தேடும் கதை. பக்கத்துக்குப் பக்கம் காகிதக் கதவுகள். அலமாரி, தபால் பெட்டி, அடுப்பு. கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று சொல்லும் வாத்து. எழுத்தில் அவ்வளவுதான். ஆனால் எல்லாப் படத்திலும், ஒரு மூலையில், ஒரு குரங்கு வால் தொங்கும். கண்ணாடி அந்தக் குரங்கிடம்தான் இருக்கிறது. வாத்துக்குக் கண்ணாடி இல்லாததால் வால் தெரியாது. எழுத்துக்கும் வாத்துக்குத் தெரிந்த அளவுதான் தெரியும். பிள்ளைகள் வாலைப் பார்த்துக் கத்துகிறார்கள். படிக்கிறவர் காதில் விழாத மாதிரி அடுத்த வரியைப் படிக்கிறார். பிள்ளைகள் இன்னும் கத்துகிறார்கள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. இப்படிப்பட்ட புத்தகத்தை ஒருத்தர் மட்டும் படிக்க முடியாது என்று அன்றைக்குத் தெரிந்தது. எழுத்துத் தெரிந்த ஒருவரும் எழுத்துத் தெரியாத ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். பெரியவருக்கு எழுத்து, சின்னதுக்குப் படம். தெரியாததுபோல் பெரியவர் நடிக்க, தெரிந்துவிட்டது என்று பிள்ளை துள்ள, அந்த இடத்தில்தான் கதை நடக்கிறது. கதையில் கடைசியாக நீதி சொல்லாவிட்டால் பிள்ளை கெட்டுப்போகும் என்று நம் ஊரில் நினைக்கிறோம். அந்த வாத்துக் கதையில் நீதியே கிடையாது. ஆனால் பெரியவர் சொல்வதைத் தாண்டி, தன் கண்ணால் பார்த்ததை நம்பலாம் என்று ஒரு நாலு வயதுக்குத் தெரிய அது போதும்.

பிறகு அதையே தமிழில், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லிப் பார்த்தேன். பெரிய ஆசிரியை அன்று விடுப்பு. “அங்குட்டுப் பாத்தேன் இல்ல, இங்குட்டுப் பாத்தேன் இல்ல, எங்குட்டுத்தான் போச்சோ” என்று வாத்துக் குரலில் புலம்பினேன். ஷாலினி எழுந்து நின்று, “வால்! வால்!” என்றாள். என்னிடம் அவள் பேசிய முதல் தமிழ் அது.

இங்கே நூலகங்கள் பழைய புத்தகங்களைக் கழித்து மலிவாக விற்கும். நான் வாரி வாரிக் கொண்டுவந்தேன். ஆங்கில வரி இருக்கும் இடத்தை அளந்து, தாள் துண்டு வெட்டி, தமிழில் எழுதி அதன் மேல் ஒட்டினேன். புத்தகத் தமிழில் எழுதவில்லை. வள்ளியின் வாய்க்கு ஏற்ற மாதிரி, அவள் எங்கே இழுப்பாள், எங்கே நிறுத்துவாள் என்று யோசித்து எழுதினேன். ஒரு வரி அவள் வாயில் உட்கார்ந்தால்தான் பிள்ளைகள் காதில் ஏறும். சேவியருக்குத் துண்டு வெட்டும் வேலை. “கல்யாணம் பண்ணிட்டு வந்தது அச்சாபீசுக்கா?” என்று கேட்டுக்கொண்டே நேராக வெட்டிக் கொடுப்பார். ஊருக்குப் போகிறவர்களிடம் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் கொடுத்துவிட்டோம். ஒருவரைத் திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி நிறுத்தி, பள்ளிக்கூடம் திறக்கப் போகிறீர்களா என்று கேட்டாராம்.

வள்ளி பதில் எழுதினாள். பெட்டி வந்தது, பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன், வாத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்று எழுதினாள். நான் அந்தக் கடிதத்தைக் காப்பகத் தலைவியிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் கேட்டார், வாலைப் பற்றி என்ன சொன்னார்கள்? கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். வாலைப் பற்றி ஒன்றுமில்லை. வள்ளி மறந்திருப்பாள் என்றேன்.

அப்போதே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் புத்தகத்தைத் திறந்த ஒரு பிள்ளைகூட வாலை விட்டுவிட்டு வாத்தைப் பற்றிப் பேசாது.

4

வீடியோ பார்த்த பிறகும் நான் வள்ளிக்காகத்தான் வாதாடினேன். கூடத்தில் இடம் காலியாக இருந்திருக்கும், ஒருநாள் நிறைத்துக் காட்டிவிட்டு மறுபடி கொட்டகைக்கே கொண்டுபோயிருப்பாள் என்றேன். சேவியர் கேசட்டை எடுத்து உறையில் போட்டார். அது எனக்கு எரிச்சலாக இருந்தது. கல்யாண வாழ்த்தோடு சேர்த்து, புத்தகங்கள் இப்போது யார் பொறுப்பில் இருக்கின்றன என்று வள்ளிக்கு எழுதிக் கேட்டேன். பதிலில் மாமியார் நல்லவர் என்று இருந்தது, கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று இருந்தது. நான் கேட்டதற்குப் பதில் இல்லை. அதற்குப் பிறகு கடிதமும் இல்லை.

5

இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போனபோது தேவகோட்டையில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாளே காரைக்குடிக்குப் பேருந்து ஏறினேன். வள்ளியின் புருஷனுக்கு வேலை சென்னையில். அவள் மாமியாரோடும் கைக்குழந்தையோடும் காரைக்குடி வீட்டில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அந்த அணைப்பில் பொய் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவள் மாமியார், அவரும் எனக்கு ஆச்சிதான், வெள்ளைப் பணியாரம் வைத்துக் கொடுத்தார். “சிங்கப்பூர்ல இதெல்லாம் கிடைக்குமாத்தா? நல்லாச் சாப்பிடுங்க. நீங்க அனுப்புன புத்தகத்தைத்தான் எல்லாரும் கேட்டாக. பொண்ணோட சிநேகிதி கப்பல்ல அனுப்புனதாம்னு எங்க சம்பந்தகாரகளுக்கெல்லாம் ஒரே பேச்சு” என்றார். பெருமையாகச் சொன்னார். நான் பணியாரத் தட்டைக் கீழே வைத்தேன்.

பார்க்கலாமா என்று கேட்டேன். ஆச்சி இடுப்புச் சாவியை எடுத்துக் கொடுத்தார். மாடியறையில் அண்டாக்களுக்குப் பின்னால் மர அலமாரி. வள்ளி இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கிவிட்டுத் திறந்தாள். கண்ணாடித்தாள் பிரிக்காமலே எல்லாம் வரிசையாக இருந்தன. பாச்சை உருண்டை வாசனை. நான் வாத்தை எடுத்துத் தாளைக் கிழித்தேன். வள்ளி என் கையைத் தடுக்க வந்து, நிறுத்திக்கொண்டாள்.

உள்ளே என் எழுத்து இல்லை. எல்லாப் பக்கத்திலும் நான் ஒட்டிய துண்டுகளை ஈரத்துணி வைத்து ஊறவைத்து உரித்திருந்தார்கள். கீழே ஆங்கில வரி பளிச்சென்று தெரிந்தது. ஓரத்தில் கோந்துத் தடம். ஒரு இடத்தில் தாளோடு வந்து, வாத்தின் காலில் கொஞ்சம் போயிருந்தது. இன்னொரு புத்தகத்தைப் பிரித்தேன். அதிலும் அப்படியே. பொறுமையாக, நேரமெடுத்துச் செய்த வேலை.

“யாருடி உரிச்சது?”

“நானும் ஆத்தாவும்.”

“ஏன்?”

“கையெழுத்து ஒட்டியிருந்தா பழசு மாதிரித் தெரியும், யாரோ படிச்சுப் போட்டதைக் கொண்டுவந்து வச்சிருக்காகன்னு சபையில பேசுவாகன்னு ஆத்தா சொன்னாக.” வள்ளி அலமாரியைப் பார்த்தபடி பேசினாள். “உனக்கு என்ன ஸ்டெல்லா, நீ போயிட்ட. எங்களுக்குக் கூடம் நிறையணும். வெளிநாட்டுச் சாமான் என்ன வருதுன்னு மாப்பிள்ளை வீட்டுல கேட்டாக. அப்பச்சி போய் அள்ளிட்டு வர இப்ப பர்மாவா இருக்கு, மலேயாவா இருக்கு?”

எனக்கு அவள் அப்பாவை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. படித்துக் காட்டினேன் என்று எழுதினாயே என்றேன். எழுதினேன்தான், நீ சந்தோஷப்படுவாய் என்று எழுதினேன் என்றாள். சரி, இப்போதாவது கொடு, நான் தேவகோட்டைக்கு எடுத்துப் போகிறேன் என்றேன். அவள் பயந்துபோய்க் கதவுப் பக்கம் பார்த்தாள். சீரில் வந்த சாமான் திரும்பிப் போவது அவர்கள் வழக்கத்தில் இல்லை, பெண்ணையே திருப்பி அனுப்பியதாக அர்த்தம் என்றாள். அது உண்மைதான். எனக்கும் தெரியும்.

அந்த நேரம் அவள் மகள் உமையாள் தத்தித் தத்தி நடந்து வந்து என் மடியில் கிடந்த புத்தகத்தைப் பிடித்தாள். ஒன்றரை வயது. வள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிலைமையைச் சரிசெய்கிற மாதிரி, மகளை மடியில் போட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். “இந்தா பாரு, வாத்து” என்றாள். அடுத்த பக்கம். “இது அலமாரி.” ஆங்கில வரியை ஒரு தடவை பார்த்தாள், எழுத்துக் கூட்டினாள், விட்டுவிட்டாள். என்னைப் பார்த்து, “என்னடி போட்டிருக்கு? எனக்கு உன் தமிழ் இருந்தாத்தானே தெரியும்” என்று சிரித்தாள். ஊரிலேயே நன்றாகக் கதை படிக்கிறவள். தமிழ் வழியில் படித்தவள். தன்னால் படிக்க முடிந்த ஒரே வரியைத் தன் கையாலேயே உரித்துப் போட்டவள்.

 எல்லா வரியும் எனக்கு மனப்பாடம். சொல்ல வாய் வரவில்லை.

உமையாள் படத்தின் மூலையில் விரலை வைத்தாள். குரங்கு வாலின் மேல். “ஊ” என்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், மறுபடி விரலை வைத்தாள். “ஆமா, அலமாரி” என்று வள்ளி பக்கத்தைத் திருப்பினாள்.

கீழேயிருந்து ஆச்சி, பிள்ளை கையில் புத்தகத்தைக் கொடுத்துவிடாதே, கிழித்துவிடுவாள் என்று குரல் கொடுத்தார். வள்ளி அதை மகள் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்தாள். குழந்தை அழுதது. எப்படி அணைத்தால் அடங்கும் என்று வள்ளிக்குத் தெரிந்திருந்தது. அடங்கிவிட்டது.

6

இதோடு முடிந்திருந்தால் நான் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

தேவகோட்டையில் பாண்டியம்மாவைத் தேடிப் போனேன். பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், என்னைவிட உயரம். வாங்க என்று கூப்பிட்டு உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். ஆனால் பேச்சு நீளவில்லை. முன்பெல்லாம் என் கைப்பையைத் துழாவுகிறவள்.

கடைசியில் அவளே கேட்டாள். “நீங்க ஏன்க்கா சொல்லிட்டுப் போனீக?”

“எதை?”

“புத்தகம் அனுப்புறேன்னு. ஒண்ணுமே வரலையே. நாங்க சனிக்கிழமை சனிக்கிழமை வள்ளியக்காகிட்டக் கேப்போம். அங்க போனா எல்லாரும் அப்புடித்தான், ஊரை மறந்துருவாக, ஸ்டெல்லாவைத் தப்பா நினைக்காதீகன்னு அக்கா சொல்லுவாக.”

எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறாள். என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம் என்று எனக்காகப் பரிந்து பேசியிருக்கிறாள். பெட்டிகள் அவள் வீட்டு மாடியில் இருந்த அதே சனிக்கிழமைகளில், அதே கொட்டகையில் உட்கார்ந்து, அட்டையில்லாத பழைய புத்தகங்களைப் படித்துக்காட்டிக்கொண்டே பரிந்து பேசியிருக்கிறாள்.

நான் அனுப்பினேன் பாண்டியம்மா என்றேன். எல்லாம் வந்தன, வள்ளியின் சீரில் வைத்தார்கள், காரைக்குடியில் இருக்கின்றன, நேற்றுத்தான் என் கண்ணால் பார்த்தேன் என்றேன். கல்யாணத்தன்று நீங்கள் பார்க்கவில்லையா என்று கேட்டேன். கூடத்துக்குள் தங்களை யார் விடுவார்கள், கொல்லைப் பக்கம்தான் பந்தி என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிற பெரியவரைப் பார்ப்பதுபோல், சங்கடமாக, மரியாதையாகப் பார்த்தாள்.

“வள்ளியக்கா அப்படியெல்லாம் செய்ய மாட்டாகக்கா. போற அன்னைக்குக்கூட எங்களைப் பிடிச்சுக்கிட்டு அழுதாக.”

“உண்மைதான் சொல்றேன்.”

“சரிக்கா” என்றாள். நான் மேலே பேசாமல் இருக்கச் சொல்லப்பட்ட சரி அது.

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை. அவள் கண்ணால் பார்த்தது வள்ளியை. வாரம் தவறாமல் வந்து உட்கார்ந்து, ஓநாய் குரலில் பேசி, கூட அழுதவள் வள்ளி. என்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது பேருந்து நிலையத்தில் சொன்ன ஒரு வார்த்தை மட்டும். அந்த வார்த்தை பொய்த்துப்போன நாளிலிருந்து நான் அந்தப் பிள்ளைகளுக்கு வெளிநாடு போய் மறந்துவிட்ட இன்னொரு ஆள்.

சிநேகிதி ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் சண்டை போடலாம். வள்ளியோ என் பெயரை எடுத்து, அதில் எனக்கே தெரியாத ஒருத்தியைச் செய்து, நான் நேசித்த பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டாள். அதுவும் அன்பாகப் பேசி. இதற்கு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. காரைக்குடிக்கு மறுபடி போகவில்லை. அம்மா கேட்டதற்கு வெயில் என்று சொன்னேன்.

7

சிங்கப்பூர் திரும்பிச் சில மாதம் நூலக விற்பனைப் பக்கமே போகவில்லை. ஷாலினி இப்போது தொடக்கப்பள்ளிக்குப் போய்விட்டாள். லிஃப்டில் பார்த்தால் ‘ஹலோ டீச்சர்’ என்கிறாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் சொல்கிறாள். காப்பகத்துக்குப் புதுப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அவர்களும் வாலைப் பார்த்துக் கத்துகிறார்கள். ஒருநாள் அந்தச் சத்தத்தின் நடுவில், உமையாள் “ஊ” என்றது ஞாபகம் வந்தது. அது அந்த ஒரு வீட்டில் மட்டும் நடப்பது இல்லை, எல்லா வீட்டிலும் படத்தில் விரல் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். அன்று மாலையே போய் ஒரு பை நிறைய வாங்கி வந்தேன்.

இந்த முறை பாண்டியம்மாவின் வீட்டு முகவரிக்கே, அவள் பெயருக்கே, தபாலில் அனுப்பப் போகிறேன். அவள் தம்பி தங்கைகள் இருக்கிறார்கள், தெருவில் சின்னஞ்சிறுசுகள் இருக்கின்றன. அவள் என்னை நம்ப வேண்டும் என்றுகூட இல்லை. பிரித்து அவர்களுக்குப் படித்தால் போதும். ஆனால் அனுப்புவதை யாரும் கூடத்தில் வைத்துக் காட்ட முடியாதபடி அனுப்ப வேண்டும். பாண்டியம்மா வீட்டுக்குக் கூடமே கிடையாது என்று சேவியர் சொன்னார். எனக்குத் தெரியும். இருந்தாலும் எனக்கு இப்போது யாரையும் நம்பி அப்படி விட்டுவிட முடியவில்லை.

அதனால் துண்டு ஒட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். தடித்த கறுப்புப் பேனா வாங்கினேன், தண்ணீர் பட்டாலும் போகாதது. தமிழ் வரிகளை நேராகப் படத்தின் மேலேயே எழுதுவது. பளபளப்பு அட்டையைக் கிழித்து எடுத்துவிடுவது. கிறுக்கிய புத்தகம், அட்டை போன புத்தகம் எந்தச் சபையிலும் ஏறாது.

ஞாயிற்றுக்கிழமை மேசையில் பரப்பி உட்கார்ந்தேன். முதல் புத்தகத்தில் ஒரு மழைநாள் தெரு, முழுப் பக்கத்துக்கு. யாரோ ஒருவர் மாதக்கணக்காக உட்கார்ந்து ஈரத்தை வரைந்திருக்கிறார். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். படம் ஒரு எழுத்துக்கும் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் கண்ணை இடுக்கிக்கொண்டு நட்ட நடுவில் எழுதினேன். எழுத்து அந்த ஈரத்தின் மேல் ஓடி, குடை பிடித்துப் போகிற பிள்ளையின் முகத்தில் பாதி மறைந்தது. சேவியர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஐயோ, ஏன்மா” என்றார். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

இரண்டாவது புத்தகத்தில் அட்டையைக் கிழிக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது.

மூன்றாவதில் தயங்கவில்லை.